நோயாளி நம்பிச் சொன்னதைக் கதையாக எழுதலாமா? மும்பையிலிருந்து ஒரு மருத்துவரின் கேள்வி

தொண்ணூறடிச் சாலை எழுதியது:

வணக்கம். தாராவியில் சிறிய கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர் நான். சிறுகதைகளும் எழுதுகிறேன். இது தெரிந்தவுடன் எல்லோரும் கேட்பது, "நேரம் எப்படிக் கிடைக்கிறது டாக்டர்?" என்றுதான். நேரம் கிடைத்துவிடுகிறது. மதியம் கிளினிக்கை மூடினால் மாலையில்தான் திறப்பேன். நடுவில் உள்ள பொழுது என்னுடையது. என்னை உறுத்துவது வேறு. ஒருவர் தன் உடம்பைப் பற்றி, வீட்டைப் பற்றி, புருஷனைப் பற்றி என்னிடம் சொல்வது நான் மருத்துவர் என்பதால். நான் எழுத்தாளர் என்பதால் அல்ல. அதை எடுத்துக் கதையாக்க எனக்கு என்ன உரிமை?

இப்போது ஒரு கதை முடிந்த நிலையில் இருக்கிறது. காசநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒரு பெண், அது மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று மாத்திரைப் பட்டையை உளுந்து டப்பாவுக்குள் புதைத்து வைக்கிறாள். அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். ஒரே அறை வீடு; ஓரமாகச் சிறு தடுப்பு கட்டிய குளிக்கும் மூலை. அங்கே போனால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் விடியுமுன் எழுந்து சந்துக்கோடியில் இருக்கும் பொதுக் கழிப்பறைக்குப் போகிறாள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கும் அவள் எழும் நேரத்துக்கும் நடுவில் நடப்பதுதான் கதை.

ஊரை மாற்றியிருக்கிறேன், தொழிலை மாற்றியிருக்கிறேன், பிள்ளைகளின் எண்ணிக்கையை மாற்றியிருக்கிறேன். நோயை மாற்ற முடியவில்லை. சர்க்கரை நோய் மாத்திரையை யாரும் உளுந்துக்குள் ஒளித்துவைக்க மாட்டார்கள். எழுதுபவர்களும் வாசிப்பவர்களும், முக்கியமாக நோயாளியாக இருந்தவர்களும் சொல்லுங்கள்: இதை வெளியிடலாமா?

மாட்டுங்கா வாசகர் எழுதியது:

தாராளமாக வெளியிடுங்கள் டாக்டர். தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. திரிபுரசுந்தரி என்ற 'லட்சுமி' மருத்துவம் படிக்கும்போதே எழுதத் தொடங்கியவர். மருத்துவராக இருந்துகொண்டே பெண்களின் குடும்ப வாழ்க்கையை நாவல் நாவலாக எழுதினார். 1984இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. அந்தத் தலைமுறைப் பெண்கள் வேறு யாரிடமும் சொல்லாததை ஒரு பெண் மருத்துவரிடம் சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். அதெல்லாம் எழுதப்படாமல் போயிருந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

சயான் செவிலி எழுதியது:

டாக்டரம்மா, வருத்தப்பட்டாலும் பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன். வெளியிடலாமா என்று கேட்கிறீர்கள். பாதிக் கதையை இங்கேயே எழுதிவிட்டீர்களே? உளுந்து டப்பா, ஒரே அறை, மாமியார், விடியற்காலைக் கழிப்பறை. அந்தச் சந்தில் இருக்கும் யாராவது இதைப் படித்தால் போதாதா? மாநகராட்சி மருத்துவமனையில் பல காலமாக வேலை பார்க்கிறேன். எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒருத்தர் கேஸ் பேப்பரை இன்னொருத்தர் எட்டிப் பார்ப்பதைத் தடுக்கவே பெரும்பாடு. தாராவியில் பேர் தேவையில்லை. எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது வரை அக்கம்பக்கத்துக்குத் தெரியும்.

தொண்ணூறடிச் சாலை எழுதியது:

சிஸ்டர், கேட்டது நல்லதாயிற்று. நான் இங்கே எழுதியதில் எதுவும் ஒரே ஒரு பெண்ணுடையது அல்ல. நிறம் மாறும் என்பது மருந்து தொடங்கும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே நாங்கள் சொல்வது. சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். ஒற்றை அறையும் குளிக்கும் மூலையும் இந்தப் பகுதியின் பெரும்பாலான வீடுகள். டப்பா வேறொரு வீட்டிலிருந்து, வேறொரு காலத்திலிருந்து வந்தது. இவையெல்லாம் நோய்க்கும் ஊருக்கும் சொந்தமானவை என்று நினைக்கிறேன், யாரும் எழுதலாம்.

ஆனால் கதையின் கடைசிப் பகுதியில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அது ஒரு பெண் என்னிடம் சொன்னது, அப்படியே. அதை இங்கே எழுத மாட்டேன். என் கேள்வி முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

கோட்டை வக்கீல் எழுதியது:

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் வைத்துவிடுகிறேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 7.14, தொழில்வழியில் அறிந்த நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்கிறது. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஆகியவை மட்டுமே விலக்கு. 7.17, அடையாளம் தெரியும்படி புகைப்படத்தையோ நோய்க்குறிப்பையோ எந்த இதழிலும் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்கிறது. அடையாளம் தெரியாதென்றால் அனுமதி தேவையில்லை. 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன, அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. ஆகவே 2002 விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

மனநோய், எச்.ஐ.வி. என்றால் இன்னும் கடுமை. 2017இல் இயற்றப்பட்ட இரண்டு தனிச் சட்டங்கள் ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே எழுதிவைத்திருக்கின்றன.

'இதில் வரும் பாத்திரங்கள் கற்பனையே' என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். தெரிந்தவர் படித்து இன்னார் என்று அடையாளம் காண முடிந்தால் அந்த வரி காப்பாற்றாது.

தில்லி சர்ஜன் எழுதியது:

நானும் எழுதுகிறவன். மத்திய அரசு மருத்துவமனையில் வேலை. முதல் தொகுப்பு வெளிவரும் முன் சக மருத்துவர்கள் அனுமதி வாங்கினாயா என்று பயமுறுத்தினார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15ஆவது விதி, அலுவல் கெடாதவரை அவ்வப்போது இலக்கியப் பணி செய்ய முன் அனுமதி தேவையில்லை என்று தெளிவாகவே சொல்கிறது. அரசு மருத்துவர்கள் யாராவது இதனால் தயங்கிக்கொண்டிருந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள்.

தொண்ணூறடிச் சாலை டாக்டருக்கு என் பதில்: எழுதுங்கள், அந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். இந்த நோயைப் பற்றி உள்ளிருந்து எழுத யார் இருக்கிறார்கள்? அந்தப் பெண் எழுதப் போவதில்லை. சுவரொட்டியில் சொன்னால் யாருக்கும் உறைக்காது. ஒளித்துவைத்த மாத்திரையைப் பற்றி ஒரு நல்ல கதை, வெட்கத்தைக் குறைப்பதில் எத்தனையோ முகாம்கள் செய்யாததைச் செய்யும். அந்தப் பெண் சிற்றிதழ் வாங்கிப் படிக்கப் போவதும் இல்லை. யாருக்கும் தீங்கில்லை.

செம்பூர்க்காரி எழுதியது:

தில்லி டாக்டர், உங்கள் கடைசி இரண்டு வாக்கியங்களுக்காகத்தான் கணக்குத் திறந்து எழுதுகிறேன்.

எனக்குக் காசநோய் வந்தது கல்லூரியில் படிக்கும்போது. அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அதனால் வீட்டில் எல்லோரிடமும் டைபாய்டு என்று சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று நான் இருமிவிடக் கூடாது என்று என்னைப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த தெரிந்தவர் வீட்டில் உட்காரவைத்தார்கள். இன்றுவரை அக்காவின் புகுந்த வீட்டில் அது டைபாய்டுதான். எனக்கு மருத்துவம் பார்த்தவர் இதை ஒரு கதையாக எழுதியிருந்தால் எங்கள் அப்பா சிற்றிதழ் படித்திருக்க மாட்டார், உண்மை. அக்காவின் மகன் படிப்பான். இன்று எந்தக் கதையும் இதழோடு நிற்பதில்லை. யாரோ படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறார்கள். 'அவள் படிக்கப் போவதில்லை' என்பது எழுதுகிறவருக்கு வசதியான நினைப்பு. படிக்கத் தெரியாதவரிடம் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் நோய் அச்சில் வந்தால்கூட எனக்குப் பெரிதில்லை. இரக்கம்தான் தாங்காது. நம் கதைகளிலும் சினிமாவிலும் காசநோய் வந்த பெண் வெள்ளைத் துணியில் ரத்தம் துப்பிவிட்டுச் செத்துப்போவாள். நான் சாகவில்லை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் குறைத்துக் கொடுத்தார்கள், எடை கூடியது, தேர்வு எழுதினேன். இப்படி எழுந்து நடந்தவளை எந்தக் கதையிலாவது பார்த்திருக்கிறீர்களா?

தில்லி சர்ஜன் எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். அவள் படிக்கப் போவதில்லை என்ற வாதத்தை இனி நான் வைக்க மாட்டேன். மருத்துவர் எழுத வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை. நீங்கள் கேட்கிறீர்களே, எழுந்து நடந்த பெண், அவளை அன்றாடம் பார்க்கிறவர் இந்த டாக்டர்தான்.

மாட்டுங்கா வாசகர் எழுதியது:

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் நினைவுக்கு வருகிறார். அவரும் மருத்துவர்தான். 1892 காலரா சமயத்தில், தாம் வசித்த மெலிகோவோவைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஊதியம் வாங்காமல் வேலை பார்த்தார். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட ஒரு கதையால் பெரிய சண்டை வந்தது. கதையின் நாயகி மருத்துவர் ஒருவரின் மனைவி, ஓர் ஓவியருடன் பழகுகிறாள். மாஸ்கோவில் ஓர் அம்மாள் அது தன்னைப் பற்றியது என்றார். அம்மாளுக்கு நாற்பதுக்கு மேல் வயது, கதையில் வருபவளுக்கு இருபதுதான் என்று செகாவ் ஒரு கடிதத்தில் அலுத்துக்கொள்கிறார். வயதை மாற்றி என்ன பயன்? அந்த அம்மாள் ஓவியம் வரைவார், கணவர் மருத்துவர், பழக்கம் ஓவியர் லெவிட்டானோடு. லெவிட்டான் செகாவின் நெருங்கிய நண்பர். இருவரும் சில ஆண்டுகள் பேசிக்கொள்ளவே இல்லை.

அந்த அம்மாள் நோயாளி இல்லை, வெறும் பழக்கக்காரர். அதற்கே இப்படி என்றால் உங்கள் பொறுப்பு இன்னும் கூடுதல் டாக்டர். முதலில் நான் 'தாராளமாக' என்று எழுதியது அவசரம் என்றே தோன்றுகிறது.

சிற்றிதழ்ப் பணியாள் எழுதியது:

மருத்துவர்களின் கதைகள் எனக்கு நிறைய வருகின்றன. மனம்விட்டே சொல்கிறேன், பெரும்பாலானவை திரும்பிப் போகின்றன. கதைக்குள் மருத்துவர் நுழைந்ததும் நோயாளி பின்னால் போய்விடுகிறார். மருத்துவர் கலங்குவார், தூக்கமில்லாமல் புரளுவார், ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பார். நோயாளி மருத்துவருக்கு ஞானம் வருவதற்கான காரணமாக மட்டும் நிற்பார். இன்னொரு வகை, நோயின் பெயர் தெரிந்தவுடன் முடிந்துவிடும். நோயாளிக்கு வாழ்க்கை தொடங்குவதே அந்தப் பெயர் தெரிந்த பிறகுதான். அங்கே நிறுத்துவது எனக்கு ஒப்பவே இல்லை.

ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. என்ன செய்கிறது, எத்தனை நாளாக என்பதை நோயாளியின் வாய்ச்சொல்லாகவே முதலில் எழுத வேண்டும் என்று உங்களுக்குக் கற்பிக்கிறார்கள் அல்லவா? அந்தக் காது கதைக்கு மிகவும் தேவை. அதனால்தான் அந்த ஒரு வாக்கியம் உங்களை விடவில்லை.

ஒரு யோசனை. வாக்கியத்தை எடுத்துவிட்டுக் கதையை அனுப்புங்கள். அது இல்லாமல் நிற்கிறதா என்று பார்ப்போம்.

தொண்ணூறடிச் சாலை எழுதியது:

ஐயா, எடுத்துப் பார்த்தேன். கதை விழுந்துவிடுகிறது. அதுவரை அவள் பயந்த பெண்ணாக இருக்கிறாள். அந்த வாக்கியத்தில்தான் அவள் பயத்தால் ஒளிக்கவில்லை, வேறொரு கணக்கு வைத்திருக்கிறாள் என்று தெரிகிறது. செம்பூர்ச் சகோதரி கேட்ட பெண் அவள்தான். அதை நானாகக் கற்பனை செய்து எழுத முயன்றேன். நான் எழுதியதெல்லாம் என் குரலில் இருக்கிறது.

மருத்துவக் குறிப்பில் எழுத முடியாததற்கு ஒரு தனிக் குறிப்பேடு வைத்திருக்கிறேன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா ஷரோன் என்ற மருத்துவர் தம் மாணவர்களை அப்படி எழுதவைத்தார். நோயாளியின் கோப்பில் இடம்பெறாதது எங்காவது எழுதப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். படித்ததிலிருந்து நானும் கடைப்பிடிக்கிறேன். அதில் பெயர் இராது, தேதி இராது, சந்து இராது. கேஸ் பேப்பரின் ஓரத்தில் ஒரு வரிகூட எழுதமாட்டேன். அது நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய ஆவணம். குறிப்பேட்டில் எழுதியதும் மனம் ஆறிவிடும், பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். இந்த வாக்கியம் மட்டும் முடியவில்லை.

கோட்டை வக்கீல் எழுதியது:

அப்படியானால் அனுமதி கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

சயான் செவிலி எழுதியது:

வக்கீல் ஐயா, எழுத்தில் வாங்குவது உங்கள் கோப்புக்கு நல்லது. அந்தப் பெண்ணின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையில்தான் உங்கள் மருந்து. அவர் 'கதை எழுதட்டுமா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கும்போதே பார்க்கிறேன். படித்துக் காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி, "நீங்கள் சொன்னால் சரிதான் சிஸ்டர்" என்று பேனாவைப் பிடிப்பார்கள். அதற்குப் பேர் சம்மதம் இல்லை.

இன்னொன்று. மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பயந்து கிளினிக்குக்கு வராமல் போனால் மருந்து பாதியில் நிற்கும். மருந்துக்கு எதிர்ப்புச்சக்தி பெற்ற கிருமியோடு திரும்பி வருவாள். ஊட்டச்சத்துக்காக அரசு மாதம் 500 ரூபாய் என்று 2018இல் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறார்கள். அதைக்கூட வேண்டாம் என்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்குப் புத்தகம் கணவன் கையில், பணம் எதற்கு வந்தது என்று கேட்பான். ஆயிரம் ரூபாயைவிட ரகசியம் பெரிது அவர்களுக்கு. நீங்கள் கதை பெரிது என்கிறீர்கள்.

தொண்ணூறடிச் சாலை எழுதியது:

இல்லை சிஸ்டர், கதை பெரிது என்று நான் சொல்லவில்லை. பெரிது என்று நினைத்திருந்தால் இங்கே வந்து கேட்டிருக்கவே மாட்டேன், அனுப்பிவிட்டிருப்பேன். மருந்து பாதியில் நிற்கக்கூடும் என்ற ஒன்றே எனக்குப் போதும். அவள் சிகிச்சை முடியும்வரை பேச்செடுக்க மாட்டேன்.

செம்பூர்க்காரி எழுதியது:

டாக்டர், நோயாளியாக இருந்தவளாகச் சொல்கிறேன். கேட்காமலே விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு ரகசியம் மட்டும்தான் உண்டு, சொல்ல எதுவும் இல்லை என்று நீங்களாக முடிவுசெய்வதும் சரியில்லை. என்னிடம் யாராவது, "நீ அன்று பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தாயே, அதை எழுதட்டுமா?" என்று கேட்டிருந்தால், அக்காவின் கல்யாணத்தை மட்டும் மாற்றிவிட்டு எழுதுங்கள் என்று சொல்லியிருப்பேன். எதை மாற்ற வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய அடையாளம் ஊரும் தொழிலும் என்று தோன்றும். எனக்கு அந்தக் கல்யாணம்தான் அடையாளம்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்றால் முழுக் கதையையும் வாசித்துக் காட்டுங்கள். அந்த வாக்கியத்துக்கு மட்டும் அனுமதி கேட்டால் அவளுக்கு என்ன புரியும்? தன்னைச் சுற்றி நீங்கள் என்ன கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுச் சொல்லட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்.

சிற்றிதழ்ப் பணியாள் எழுதியது:

நான் காத்திருக்கிறேன். எந்த இதழில் என்ற கவலை வேண்டாம், எப்போது வந்தாலும் இடம் உண்டு. அவர் மறுத்தால் அதையும் தெரிவியுங்கள், அடுத்த கதையைப் பற்றிப் பேசுவோம்.

தொண்ணூறடிச் சாலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சிகிச்சை முடிந்து, எடையும் எக்ஸ்ரேயும் பார்த்து, நலம் என்று ஆன பிறகு கேட்கிறேன். வாசித்துக் காட்டுகிறேன். ஒரு தயக்கம்தான் மிச்சம்: கிளினிக்கில் கேட்டால் சிஸ்டர் சொன்ன அதே மேசை. வீட்டுக்குப் போய்க் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

சயான் செவிலி எழுதியது:

வீட்டுக்கு வேண்டவே வேண்டாம் டாக்டரம்மா. டாக்டர் வீடு தேடி வந்தால் யாருக்கு என்ன என்று சந்து முழுக்கக் கேட்கும். அவள் இதுவரை மறைத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

சிகிச்சை முடிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு ஆண்டுகள் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? முதல் முறை வரும்போது பரிசோதனை மட்டும் செய்யுங்கள். இரண்டாவது முறை வரும்போது கேளுங்கள். அதற்குள் மருந்துக்காக உங்களை நம்பி இருக்க வேண்டிய நிலை அவளுக்கு இராது. கூட யாரும் வராத நாளாக இருக்கட்டும். கம்பவுண்டரையும் வெளியே அனுப்பிவிடுங்கள். வாசித்து முடித்ததும் அன்றே பதில் கேட்காதீர்கள். அடுத்த முறை வரும்போது அவளாகச் சொல்லட்டும்.

தொண்ணூறடிச் சாலை எழுதியது:

அப்படியே செய்கிறேன் சிஸ்டர். சிகிச்சை முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகும், ஆகட்டும்.